பேட்டரி இருந்திருந்தால் ஜெயித்திருப்போம்

பத்தாங் பெர்ஜுந்தை,
கோலசிலாங்கூர் மாவட்டம்.
23-3-1975

அன்புள்ள தம்பிக்கு,



உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. சென்னையில் டெலிவிஷன் நிலையம் வரப்போகிறதாம், அது வந்தால் மலாயாவில் இருக்கிற பெரியவன் முகம் அதில் தெரியுமா என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தாய். தெரியாது என்று சொல்லிவிடு. அதில் முகம் தெரிய வேண்டுமென்றால் மந்திரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடத் தெரிய வேண்டும். அதுவும் இல்லையென்றால் வெள்ளத்தில் அகப்பட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றுக்கும் இப்போதைக்கு எனக்கு வசதியில்லை.

அடுத்து, "உங்கள் தோட்டத்தில் அந்தச் சாமான் உண்டா? இருந்தால் விசாரித்து ஒன்று அனுப்பி வை" என்று எழுதியிருக்கிறாய். உண்டா என்றா கேட்கிறாய்? இந்த நாட்டுக்கு டெலிவிஷன் 1963-லேயே வந்தாயிற்று. டிசம்பர் 28-ஆம் தேதி துங்கு அப்துல் ரஹ்மான் கோலாலம்பூரில் திறந்து வைத்தார். டில்லியில் 1959-லேயே வந்துவிட்டதே என்று நீ வாதாடுவாய். டில்லியில் நமக்கு யார் இருக்கிறார்கள்?

நாட்டுக்கு வந்தது நம் வீட்டுக்கு வரப் பதினோரு வருஷம் ஆயிற்று என்பது வேறு விஷயம். அதுவரை நாங்கள் டெலிவிஷன் பார்க்காமல் இல்லை. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தோம். உள்ளே அவர் குடும்பம் நாற்காலியில், வெளியே நாங்கள் கொசுக்கடியில். நல்ல கட்டம் வரும்போது கிராணியம்மா எழுந்து திரையை மறைத்துக்கொண்டு நிற்பார். டவுனில் காப்பிக் கடையிலும் பார்க்கலாம். ஆனால் காப்பி தீர்ந்ததும் அடுத்த காப்பி சொல்ல வேண்டும். ஒரு மல்யுத்தம் பார்த்து முடிப்பதற்குள் ராத்திரி முழுக்கத் தூக்கம் போய்விடும்.

இப்போது நம் வீட்டிலேயே இருக்கிறது. பொங்கலுக்கு வாங்கினோம். உன் அண்ணிக்குக் கூட்டுச் சீட்டுப் பணம் விழுந்தது, அதை முன்பணமாகக் கட்டி, மீதியை மாதத் தவணையாகக் கடைக்காரத் தவுக்கேயிடம் பேசி முடித்தோம். ஜப்பான் செட். நாலு மரக்கால், முன்னால் இழுத்து மூடுகிற பலகைக் கதவு, அதற்குப் பூட்டு, பூட்டுக்கு இரண்டு சாவி. ஒரு சாவி உன் அண்ணி இடுப்பில். இன்னொன்றும் அவள் இடுப்பில்தான்.

வாங்கியதோடு முடியவில்லை. லைசன்ஸ் என்று ஒன்று உண்டு. நீ ரேடியோவுக்குத் தபாலாபீஸில் கட்டாமல் ஏய்த்துக்கொண்டிருக்கிறாயே, அதே சங்கதிதான். இங்கே வருஷம் 24 வெள்ளி. தோட்டத்தில் பாதிப் பேர் கட்டுவதில்லை. "லைசன்ஸ்காரன் வர்றான்" என்று யாராவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் கொளுத்திப் போட்டால் போதும், அன்று சாயங்காலம் லயத்தில் எல்லா டெலிவிஷனும் சேலையைப் போர்த்திக்கொண்டு தையல் மெஷினாகிவிடும். நான் மட்டும் முறையாகக் கட்டி, ரசீதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். என் நிலைமையில் சட்டத்தோடு விளையாட முடியாது. அந்த நிலைமையைப் பிறகு சொல்கிறேன்.

படம் தெளிவாக விழுகிறதென்றால் அதற்குச் செம்பனைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பால் மரம் இருந்த காலத்தில் லயத்தைச் சுற்றி வானமே தெரியாது. அந்தக் கித்தா மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை கன்று நட்டார்கள், கோலாலம்பூர்ப் பக்கம் வெளிச்சமாகிவிட்டது. இந்த நாட்டில் செம்பனையைத் தோட்டமாகப் போட்டு முதன்முதலில் பயிர் செய்ததே 1917-இல், நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். போட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரத் துரை. பிற்பாடு இந்தக் காட்டு வாழ்க்கையை வைத்துக் கதைப் புத்தகம் எழுதி பிரான்சில் பெரிய பரிசும் வாங்கினாராம். நாங்களும் அதே காட்டில்தான் இருக்கிறோம், எங்களுக்கு டெலிவிஷன் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் செம்பனையும் வளர்கிறது. அது ஒரு அடி வளர்ந்தால் நம் ஏரியலும் ஒரு அடி வளர வேண்டும். இப்போது மூங்கில் மேல் குழாய், குழாய் மேல் இன்னொரு குழாய் என்று கட்டியிருக்கிறேன். காற்றடித்தால் பையன் கூரைமேல் ஏறிக் கம்பத்தைத் திருப்புவான், நான் வாசலில் நின்று "வந்துச்சு, போச்சு, வந்துச்சு, விடாதே" என்று கத்துவேன். சரியாக அமையாத அன்று திரை முழுக்க வெள்ளைப் புள்ளி, கம்போங் குவாந்தான் ஆற்றங்கரை மரங்களில் மின்மினி மொய்க்கிற மாதிரி. அதைப் பார்க்க வெள்ளைக்காரன் படகுக்குக் காசு கொடுக்கிறான். நாங்கள் 24 வெள்ளி கட்டி வீட்டுக்குள்ளேயே பார்க்கிறோம்.

இனிமேல்தான் முக்கியமான சட்டம் வருகிறது. பத்து மணிச் சட்டம்.

எங்கள் தோட்டத்துக் கரண்டு ஊர்க் கரண்டு அல்ல, தோட்டத்து இஞ்சின் கரண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு வரும், ராத்திரி பத்து மணிக்குப் போகும். டெலிவிஷன் இல்லாத காலத்தில் இது ஒரு குறையாகவே தெரியவில்லை. விடிவதற்குள் பிரட்டுக்கு நிற்க வேண்டியவனுக்குப் பத்து மணிக்கு மேல் வெளிச்சம் எதற்கு? ஆனால் டெலிவிஷன்காரர்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது. அவர்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் கொலை செய்ய ஆரம்பிக்கிறார்கள். போலீஸ்காரர் வருவார், சிகரெட்டுத் துண்டை எடுத்து முகர்வார், ஒவ்வொருவரையும் ஒரு பார்வை பார்ப்பார், "கொலைகாரன் இந்த அறையில்தான் இருக்கிறான்" என்பார். பட்டென்று இஞ்சின் நின்றுவிடும். எங்கள் அறையும் இருட்டாகிவிடும். இருபது முப்பது பேர் இருட்டில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இதுவரை ஒரு கொலைகாரனைக்கூட நாங்கள் பிடித்ததில்லை. எத்தனை கல்யாணம் நடந்தது, எத்தனை தாயும் பிள்ளையும் சேர்ந்தார்கள் என்ற கணக்கும் எங்களிடம் இல்லை. ஒரு தமிழ்ப் படத்தில் கதாநாயகி பாதிப் பாட்டில் நின்றவள் நின்றவள்தான்.

இஞ்சின் டிரைவரிடம் முறையிடாமல் இருப்போமா? அவர் பெண்சாதி நம் வீட்டில்தான் வந்து பார்ப்பாள், வெற்றிலைப் பெட்டியோடு முதல் வரிசை. "இன்னொரு கால் மணி விடக்கூடாதா?" என்று அவளை விட்டே கேட்கச் சொன்னோம். "பத்துன்னா பத்து" என்று சொல்லிவிட்டார். "சரி, உங்கள் கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக வைக்கலாமே" என்றேன். அவர் யோசித்தார். மறுநாளிலிருந்து ஒன்பதே முக்காலுக்கே நிற்க ஆரம்பித்தது. துரை பங்களாவில் மட்டும் விடியவிடிய விளக்கு எரிகிறது. கொலைகாரர்கள் எல்லோரும் யார் யாரென்று துரைக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் போய்க் கேட்க நமக்கு மலாயும் பத்தாது, இங்கிலீசும் பத்தாது.

கிராணி வீட்டுக்கும் பத்து மணிக்கு மேல் கரண்டு உண்டு. அதனால் காலையில் பிரட்டுக் களத்தில் அவரைச் சுற்றிக் கூட்டம். அவரும் முடிவைச் சொல்வார். வாரத்துக்கு ஒரு தடவை தோட்டக்காரன்தான் கொலைகாரன் என்பார். எல்லாக் கதையிலும் தோட்டத்தில் வேலை செய்கிறவன்தானா கொலை செய்வான் என்று வேலையை மேற்பார்க்கிற தண்டல் ஒரு நாள் எதிர்த்துக் கேட்டார். அவ்வளவுதான், கிராணிக்குக் கோபம் வந்து இரண்டு வாரம் ஒரு முடிவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் பேட்டரி வாங்கினோம்.

பேட்டரி என்றால் டார்ச் லைட்டுக்குப் போடுகிற கட்டை அல்ல, கார் பேட்டரி. கார் இல்லாத வீட்டில் எதற்குக் கார் பேட்டரி என்று பெரியப்பா கேட்பார். நம் செட்டில் பின்பக்கம் இரண்டு துளை இருக்கிறது, சிவப்பு வயர், கறுப்பு வயர், மாட்டினால் இஞ்சின் தயவில்லாமல் படம் ஓடும். எங்களுக்கு ராத்திரி கரண்டு போனாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. பத்து மணிக்குக் கரண்டு போனதும் லயமே இருட்டு, நம் வீட்டு வாசலில் மட்டும் நீல வெளிச்சம். லயத்துச் சுவர் கூரையைத் தொடாது, உனக்குத் தெரியும், ஒரு வீட்டு இருமல் கடைசி வீட்டுக்குக் கேட்கும். வராதவர்களும் படுத்தபடி வசனம் கேட்டார்கள்.

ஆனால் அந்தப் பேட்டரிக்குச் சாப்பாடு போட வேண்டுமே. சனிக்கிழமை சைக்கிள் காரியரில் பழைய டயரால் இறுக்கிக் கட்டி, டவுனுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் சார்ஜ் போடக் கொடுத்துவிட்டு, மறுநாள் போய் எடுத்து வர வேண்டும். ஏறி மிதித்தால் ஆசிட் தண்ணீர் தளும்பிக் கால்சட்டையில் பட்டுவிடும். என் கால்சட்டைகளில் இப்போது காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. நம் குலத்தில் கரகம் எடுத்தவர்கள் உண்டு, காவடி எடுத்தவர்கள் உண்டு. பேட்டரி எடுத்தவன் நான் ஒருவன்தான்.

பேட்டரி இறங்கும்போது படம் பட்டென்று போய்விடாது. நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். முதலில் ஓரத்தில் நிற்கிற ஆட்கள் காணாமல் போவார்கள். பிறகு கதாநாயகன் குள்ளமாவான். குரல் மட்டும் பெரிதாகவே இருக்கும். கடைசியில் உள்ளங்கை அகலத்துக்குள் ஒரு கார் துரத்தும், ஒரு பெண் அழுவாள், அப்புறம் நடுவில் ஒரு புள்ளி, அப்புறம் அதுவும் இல்லை. அதனால் நம் வீட்டில் சிக்கனம் பழகிவிட்டோம். விளம்பரம் வந்தால் அணை, ஆங்கிலப் பாட்டு வந்தால் அணை, மந்திரி வந்தால் அணை. ஒரு தடவை மந்திரி என்று அணைத்துவிட்டோம், கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவர்தான் அந்தக் கதையில் வில்லன்.

இப்போது சொல், இதையா உனக்கு அனுப்பச் சொல்கிறாய்? சென்னையில் நிலையம் திறந்தாலும் சென்னை எங்கே, முசிறி எங்கே? பெட்டியை வாங்கி வைத்து நீ பலகைக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பஞ்சாயத்து ரேடியோவை ரிப்பேர் பண்ணச் சொல்லு, அது போதும்.

ரேடியோ என்றதும் ஹாக்கி ஞாபகம் வருகிறது. உலகக் கோப்பை ஆட்டத்தை நீ அங்கே ரேடியோவில் இந்தியில் கேட்டிருப்பாய். வர்ணனை சொல்கிறவர் கத்துவதை வைத்துத்தான் கோலா இல்லையா என்று தெரிந்திருக்கும். எங்களுக்கு அது கோலாலம்பூரிலேயே நடந்தது. அரையிறுதியில் இந்தியாவும் மலேசியாவும் மோதின. வந்தது வினை.

டவுனில் திரைக்கு முன்னால் மாட்டுகிற கலர்த் தாள் ஒன்று விற்கிறார்கள். மேலே நீலம், நடுவில் காவி, கீழே பச்சை. கறுப்பு வெள்ளைப் படம் கலராகிவிடுமாம். அதை மாட்டித்தான், இஞ்சின் கரண்டு இல்லாத நேரமாதலால் பேட்டரியில் ஆட்டம் பார்த்தோம். எல்லோருக்கும் தலை நீலம், கால் பச்சை. எந்தப் பக்கம் யார் என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

பையன் முன்னால் உட்கார்ந்து மலேசியாவுக்குக் கத்துகிறான். இங்கே பிறந்தவன், பன்னிரண்டு வயதானதும் அவனுக்கு நீல அடையாளக் கார்டு கொடுத்துவிட்டார்கள். நான் பின்னால், வாயைத் திறக்காமல். "என்னப்பா, யார் பக்கம்?" என்றான். "ஆட்டத்தைப் பாருடா" என்றேன். அவன் விடவில்லை. "மலேசியாவுக்குத் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். மகேந்திரன் இருக்கிறார். அந்தப் பக்கம் தலைவர் அஜீத்பால் சிங், ஹர்சரண் சிங், சுர்ஜித் சிங். இதில் நம்ம ஆள் யாருப்பா?" என்று கேட்டான். "பிலிப்ஸ் என்று நம் சென்னைப் பையன் ஒருவன் இருக்கிறான்" என்றேன். "அது ரேடியோ கம்பெனிப் பேரு" என்று சொல்லிவிட்டான். லயமே சிரித்தது.

மலேசியா இரண்டு, இந்தியா ஒன்று. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கூரைத் தகரம் பறக்கிற மாதிரி பிள்ளைகள் குதிக்கிறார்கள். அப்போது அஸ்லம் ஷேர் கான் என்று ஒரு பையனை உள்ளே இறக்கினார்கள். கழுத்தில் கிடந்த தாயத்தை எடுத்து முத்தமிட்டான். பெனல்டி கார்னரில் ஓங்கி ஒரு அடி. இரண்டுக்கு இரண்டு. என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். வீடு அமைதியாயிற்று. உன் அண்ணி என்னைப் பார்த்தாள். "கொசு" என்றேன்.

கூடுதல் நேரம் ஆரம்பித்ததும் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. ஓரத்து ஆட்டக்காரர்கள் முதலில் போனார்கள். பிறகு கோல் கம்பம் போயிற்று. கம்பம் இல்லாமல் கோல் எங்கே விழும்? பந்து தீப்பெட்டிக்குள் ஓடிற்று, பிறகு புள்ளி, பிறகு இருட்டு. ஒட்டுமொத்த லயமும் கிராணி வீட்டு ஜன்னலுக்கு ஓடியது. ஹர்சரண் சிங் மூன்றாவது கோலைப் போட்டுவிட்டார், மூன்றுக்கு இரண்டு, இந்தியா ஜெயித்தது. பையன் அன்று சாப்பிடவில்லை. "பேட்டரி இருந்திருந்தால் ஜெயித்திருப்போம்" என்று இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறான். மறுபடி சார்ஜ் போட்டுத்தான் 15-ஆம் தேதி இறுதி ஆட்டம் பார்த்தோம். பாகிஸ்தானை இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா முடித்ததும் லயம் முழுக்க ஒரே கட்சியாகிக் கைதட்டியது. நானும் தைரியமாகத் தட்டினேன்.

சிரிப்பதற்காக எழுதிக்கொண்டே போகிறேன். என் நிலைமை என்று சொன்னேனே, அதையும் எழுதிவிடுகிறேன். 1951-இல் ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவன் நான். இன்றைக்கும் என் அடையாளக் கார்டு சிவப்புத்தான். 1969-இல் வேலை பெர்மிட் சட்டம் வந்தபோது சிவப்புக் கார்டுக்காரர்கள் எத்தனையோ பேர் பெட்டி படுக்கையைக் கட்டிக் கப்பலேறினார்கள். நம் லயத்திலேயே ஒரு வரிசை காலியாயிற்று. அவர்கள் நட்ட முருங்கையில் இன்றைக்கும் நாங்கள்தான் கீரை பறிக்கிறோம். எனக்குப் பெர்மிட் கிடைத்தது, புதுப்பிக்கப் புதுப்பிக்க ஓடுகிறது. ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்கு ஜன்னல் நின்று, அந்தப் பாரம் இல்லை இந்தப் பாரம் என்று திரும்பி வந்து, ஒரு நாள் சம்பளம் போகும். இருபது வருஷத்துக்கு மேல் இந்த மண்ணில் மரம் சீவியவன், இங்கே வேலை செய்யலாமா என்று வருஷா வருஷம் கேட்டு நிற்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது தம்பி. பையன் பெரியவனாகி வருகிறான், அவன் பார்க்கிறான்.

அதனால் குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறேன். மலாய் பேசத் தெரிய வேண்டும், அதிகாரி நேரில் கூப்பிட்டுக் கேட்பார். என் மலாயில் மீன் வாங்கலாம், பேட்டரி சார்ஜ் போடலாம். குடியுரிமை வாங்க அது போதாது என்கிறார்கள். டெலிவிஷனில் முதல் அலைவரிசை பெரும்பாலும் மலாய். அதைக் கேட்டுப் பழகத்தான் இத்தனை கடனும். உன் அண்ணியிடம் பிள்ளைகள் படிப்புக்கு என்று சொல்லித்தான் கூட்டுப் பணத்தை வாங்கினேன். படிக்கிறது நான்.

தினமும் செய்தி கேட்கிறேன். பையன் அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்பான், நான் நின்று பதில் சொல்வேன். ரப்பர் விலை, ஈய விலை, பிரதமர் எந்த ஊருக்குப் போனார், எல்லாம் நல்ல மலாயில் சரளமாக வருகிறது. "உன் பெயர் என்ன, எங்கே பிறந்தாய்?" என்று கேட்டால்தான் திக்குகிறது. செய்தியில் அதை யாரும் சொல்வதில்லை. ராத்திரி நிகழ்ச்சி முடிந்து நாட்டுப் பண் வரும்போது பையன் எழுந்து நிற்பான், என்னையும் எழுப்பிவிடுவான். கைலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வரிகள் இப்போது மனப்பாடம். பேட்டரி செலவில் அது ஒன்றை மட்டும் அணைப்பதில்லை.

அடுத்த மாதம் கூப்பிடுவார்கள் என்று சொல்கிறார்கள். சமயபுரத்தாளுக்கு ஒரு தேங்காய் உடைத்து, என் பேரில் அர்ச்சனை பண்ணிவிடு. அம்மா எதற்கு என்று கேட்டால் மலாயாவில் அண்ணனுக்கு ஒரு பரீட்சை என்று மட்டும் சொல். என்ன பரீட்சை என்று சொல்லாதே. கார்டு நீலமாகிவிட்டால் லீவு போட்டு ஊருக்கு வந்து நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்